பேசாத அழைப்பு

டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. ஸ்கேன் எடுத்த இயந்திரம் பழையது என்றாள். இரண்டாவது டாக்டரும் அதையே சொன்னபோது, முதல் டாக்டர் இவருக்குப் போன் செய்து சொல்லிவைத்திருப்பார் என்றாள். நோய் அவளுடைய சந்தேகத்துக்குக் காத்திருக்கவில்லை. கடைசி வாரத்தில் பேச்சு நின்றது. அவள் கணவர் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பதில் வராத ஆளிடம், நிதானமாக, இடைவெளி விட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஐயா என்ன வேலை பார்த்தாரு? இப்படிப் பேச எங்க கத்துக்கிட்டாரு?" என்று நர்ஸ் மகளிடம் கேட்டாள்.

ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

கட்டிலில் கிடந்தவள் அந்தக் காலத்தில் டிரை கிளீனிங் கடையில் வேலை பார்த்தாள். துணி வாங்கும் மேசை அவளுடையது. வருகிற கோட்டையும் சட்டையையும் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கறை இருக்கும் இடத்தில் ஊசியால் சீட்டு குத்த வேண்டும். ஒரு கறையைப் பார்க்காமல் விட்டால், "இது உங்க கடையிலதான் பட்டுச்சு" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் யாராக இருந்தாலும் பொய் சொல்ல வந்தவர் என்றே அவள் தொடங்குவாள்.

"டீ கொட்டிடுச்சும்மா."

"டீயா இது?" என்று கேட்டுவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு 'ச்சு' போடுவாள். நம்பவில்லை என்று அர்த்தம். வீட்டில் அந்தச் சத்தத்துக்குப் பல்லி என்று பெயர். கடையில் அவளுக்கே ஒரு பெயர் உண்டு. இஸ்திரி போடும் அண்ணன் வைத்தது: எக்ஸ்ரே.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் இருந்த கம்பெனி கைமாறியதும், வயதானவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அலைந்து திரிந்து இன்னொரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தார். தலை நரைத்த பிறகு 'புது ஆள்'. ஆறு மாதம் புரொபேஷன். அதற்குள் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இதுவும் போனால் அந்த வயதில் இன்னொரு கதவு திறக்காது. இருவருக்கும் தெரியும். இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இவ்வளவு வருஷம் லிஃப்ட் பார்த்த ஆளை இன்னும் என்ன சோதிச்சுப் பார்க்கறாங்க?" என்றாள், அவர் புதுச் சீருடையோடு வந்த அன்று.

"யாரா இருந்தாலும் அப்படித்தான்."

"நம்ம கல்யாணத்துக்கு யாரும் ஆறு மாசம் டயம் குடுக்கலையே."

"குடுத்திருந்தா நான் தேறியிருக்க மாட்டேன்."

பல்லி கத்தவில்லை. அதை அவள் நம்பினாள்.

வீட்டுத் துணியையும் அவள் அதே கண்ணால்தான் பார்த்தாள். மெக்கானிக்கின் சட்டையை மூக்குக்குக் கொண்டுபோனாலே அன்றைக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுவாள். கயிற்றுக்குப் போடும் கிரீஸ் ஒரு நாற்றம். பிரேக் தூள் கருப்பாகக் கையோரத்தில் அப்பியிருக்கும். லிஃப்ட் குழிக்குள் இறங்கின நாளில் முழங்காலில் சிமெண்டுத் தூசி. புதுச் சீருடையிலும் முதலில் எல்லாம் ஒழுங்காக வந்தன. அவளும் திட்டிக்கொண்டே ஊறவைத்தாள்.

பிறகு ஒரு வாரம் சட்டை சுத்தமாக வந்தது. அடுத்த வாரமும்.

"இன்னைக்கு என்ன வேலை?"

"லிஃப்ட் வேலைதான்."

"மேலயா, குழியிலயா?"

"ரெண்டும்."

ச்சு.

சுத்தமான சட்டையைப் போலச் சந்தேகம் தரும் பொருள் அவளுக்கு வேறு இல்லை. கறை இருந்தால் கதை இருக்கும். கறையே இல்லையென்றால் யாரோ மறைக்கிறார்கள். அவள் தேட ஆரம்பித்தாள். பேண்ட்டின் பின்பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்திருந்தது. மெக்கானிக்குக்கு உட்கார ஏது நேரம்? தலையில், ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரைக்கும், முடி வளையம் போட்ட மாதிரி படிந்திருந்தது. தொப்பி. சட்டைப்பையில் தொண்டைக்குச் சப்பும் மிட்டாயின் காகிதங்கள். குரல் கம்மியிருந்தது.

"தொண்டைக்கு என்ன?"

"லிஃப்ட் குழிக்குள்ள கத்திக் கத்தித்தானே பேசணும்."

எல்லாவற்றையும் விட, ஒரு நாள் மாடிப்படி இறங்கும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கினார். அவள் பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்தாள். மிட்டாய் வாசனை. வாசனையை மறைக்கத்தானே வாசனை?

மறுநாள் கடையில், சீட்டு குத்திக்கொண்டே கணக்கை இஸ்திரி அண்ணனிடம் ஒப்பித்தாள்.

"வேலையிலேர்ந்து நிறுத்திட்டாங்க அண்ணே. சொல்ல வாய் வரலை. காலையில சீருடையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பி எங்கயோ தொப்பி போட்டு வாட்ச்மேன் உத்தியோகம் பார்க்கறாரு. அந்த ஏக்கத்துல குடி வேற."

அண்ணன் நீராவிப் பெட்டியைத் தூக்கிவைத்தார். "தொப்பி, மிட்டாய், பேண்ட்டு. மூணை வெச்சுக்கிட்டு மனுஷனை வேலையை விட்டு எடுத்து, வாட்ச்மேனாக்கி, குடிகாரனும் ஆக்கிட்டே. கம்பெனிக்காரங்க தேவலாம்மா, அவங்க ஆறு மாசம் எடுத்துக்கறாங்க."

"சிரிங்க, சிரிங்க."

"கம்பெனிக்கு ஒரு போனைப் போட்டுக் கேளேன்."

"பொண்டாட்டி போன் பண்ணி விசாரிச்சான்னு தெரிஞ்சா அதுவே ஒரு குறை ஆயிடும். வேலையில இருந்தாருன்னா நானே கெடுத்த மாதிரி."

"அப்ப அவரையே கேளு."

"கேட்டா பொய் சொல்லுவாரு. அப்புறம் அதையும் சேர்த்து நான்தான் துவைக்கணும்."

வெளியூரில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்த மகளும் போனில் அதையேதான் சொன்னாள். "அம்மா, ஆதாரம் ஒண்ணு, முடிவு வேற. நேரா கேட்டுடு." அம்மா போனை வைத்துவிட்டு, அப்பாவும் மகளும் பேசிவைத்துக்கொண்டு மறைக்கிறார்களோ என்று யோசித்தாள்.

வழி தானாக வந்தது. துணி கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள் ஒரு நாள் வரவில்லை. வக்கீல் ஒருவரின் கோட்டை, நீளமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவளே எடுத்துப் போனாள். அலுவலகங்கள் அடுக்கிய கட்டடம். லிஃப்டுக்குள் கதவு மூடியதும் எதிரே ஸ்டீல் தகட்டில் பார்த்தாள்: கணவரின் சட்டைப்பையில் தைத்திருக்கும் அதே கம்பெனிச் சின்னம். அதற்குக் கீழே மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தான். நடுவில் மாட்டிக்கொண்டால் அழுத்துவது.

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு அந்தப் பொத்தானைப் பற்றித் தெரியாததில்லை. அழுத்தினால் கம்பெனியின் அறையில் காதுக்கருவி மாட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவர் எடுப்பார். மெக்கானிக்குகளுக்கு அந்த அறை ஆட்கள் மேல் மரியாதை கிடையாது. "ஏசியில உட்கார்ந்துக்கிட்டு சொன்னதையே சொல்லுங்க, கிளிங்க" என்று கணவர் எத்தனையோ முறை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். எந்த லிஃப்டிலிருந்து அழைப்பு என்று கிளிக்குத் தெரியும். யார் அழைக்கிறார்கள் என்று தெரியாது. போன் நம்பர் கிடையாது, பெயர் கிடையாது.

இதைவிடப் பாதுகாப்பாக ஒரு கம்பெனியை விசாரிக்க முடியுமா? மெக்கானிக் ஒருவர் வந்து நன்றாக ரிப்பேர் செய்தார், வயதானவர், இடது புருவத்தில் தழும்பு, பாராட்ட வேண்டும், இன்னும் வேலையில் இருக்கிறாரா? பொய் தயாராக இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

ஒரு மணிச் சத்தம். பிறகு தகட்டுக்குள்ளிருந்து குரல்.

"லிஃப்ட் உதவி மையம். நான் பேசறது கேக்குதுங்களா?"

அவருடைய குரல்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. சந்தேகம்தான். குரல் அவருடையது, ஆனால் இப்படி ஒரு குரல் அவரிடம் இருந்ததா? வீட்டில் "உப்பு" என்பார், "லைட்டை அணை" என்பார். இந்த ஆள் ஒவ்வொரு சொல்லையும் கையைப் பிடித்துக் கூட்டிவருவதுபோலக் கூட்டிவந்தார்.

"பதில் வரலை. பரவாயில்லை. அம்மாவா, ஐயாவான்னு தெரியலை. யாரா இருந்தாலும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

ச்சு.

பழக்கதோஷம். வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. அந்தப் பக்கம் குரல் நின்றது. பிளாஸ்டிக் உறை அவள் கையில் சரசரத்தது. திரும்ப வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பேச முடியலைன்னா சுவரை ஒரு தடவை தட்டுங்க. முடியலையா, வேண்டாம். தரையில உட்காருங்க. லிஃப்ட் விழாது. கயிறு ஒண்ணு இல்லை, நிறைய இருக்கு, தாங்கறதுக்கு ஒண்ணே போதும். ஆள் அனுப்பறேன். நீங்க வெளியே வர்ற வரைக்கும் நான் லைனை வைக்க மாட்டேன். கேக்குதா?"

சொல்லியிருக்கலாம். நான்தான், சும்மா அழுத்தினேன் என்று. ஆனால் அந்த அறையில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று அவர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. பெண்டாட்டி வேவு பார்த்தாள் என்று கம்பெனியின் இயந்திரத்தில் ஏறிவிடும். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மேல் தளத்தில் யாரோ லிஃப்டைக் கூப்பிட, அது அசைந்தது. கதவு திறந்தது. இரண்டு பேர் நுழைவதற்குள் வெளியே பாய்ந்து படிக்கட்டில் ஓடினாள். "இருக்கீங்களா? நான் இருக்கேன்" என்று தகடு பின்னால் பேசிக்கொண்டிருந்தது.

வக்கீலின் கோட்டு அவள் கையிலேயே கடைக்குத் திரும்பி வந்தது. "வக்கீல் வாங்கலையா, இல்லை அவர் மேலயும் சந்தேகமா?" என்றார் இஸ்திரி அண்ணன். அவள் கோட்டைக் கொக்கியில் மாட்டினாள். அவர் பெட்டியை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

சாயந்திரம் கணவர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்குக் கடையை விட்டு எங்கயாவது போனியா?"

"எங்க போவேன்?"

அவர் தலையாட்டினார். "எங்க வேலையில ஒரு சிக்கல். ஒரு கட்டடத்துக்கு ஆள் அனுப்பினேன். போய்ப் பார்த்தா அங்க யாருமே இல்லை. அந்த நேரத்துல வேற இடத்துல ஒரு பெரியவரு உள்ள மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னிருக்காரு. அவர் வீட்டுக்காரங்க சண்டை போட்டிருக்காங்க. நாளைக்கு என்னைக் கூப்பிட்டு விசாரிக்கறாங்க."

அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆள் அனுப்பற வேலை எனக்கு எப்போ வந்துச்சுன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா சொல்லப் போறீங்களா?"

அவர் செம்பைத் தூக்கித் தண்ணீரைக் குடித்தார். அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்டாரா? தெரிந்திருந்தால் ஏன் திட்டவில்லை? திட்டாத மனிதரை எப்படி நம்புவது? அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவர் வேலை போனதா என்று பார்க்கப் போய், இருந்த வேலைக்கு அவளே உலை வைத்துவிட்டாள்.

காலையில் அவர் கிளம்பியதும் அவளும் கிளம்பினாள். கடைக்கு இல்லை.

கம்பெனியின் மேற்பார்வையாளர் மகளைவிடக் கொஞ்சம் பெரிய பெண். கண்ணாடி அறை. கண்ணாடிக்கு அப்பால் வரிசையாக ஆட்கள், காதுக்கருவியோடு. கடைசி நாற்காலியில் அவள் கணவர், தலையின் மேல் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகும் கருப்புப் பட்டை. மேசையில் மிட்டாய் டப்பா. அவர் இன்னும் இவளைப் பார்க்கவில்லை.

அவள் உட்காரவில்லை. "நேத்து அந்த மஞ்சள் பொத்தானை அழுத்தினது நான்தான். நான் அவர் வீட்டுக்காரி. அவரை நீங்க வேலையை விட்டு எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. என் தப்புக்கு அவரை அனுப்பிடாதீங்க."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். "அவர் இங்க மாறி வந்தது உங்களுக்குத் தெரியாதா? லிஃப்ட் மேல நிக்கும்போது தலை சுத்திடுச்சு அவருக்கு. உள்காதுல கோளாறுன்னு டாக்டர் சொன்னாரு. உயரத்துல ஏத்தக் கூடாது. அனுப்பிடலாமான்னு பேச்சு வந்துச்சு. புரொபேஷன் முடியற வரைக்கும் இந்த அறையில வெச்சுப் பார்ப்போம்னு நான்தான் கேட்டு வாங்கினேன். வீட்ல சொல்லிட்டேன்னு சொன்னாரே."

"சொல்லலை."

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்க இல்லையா? இதைக் கேளுங்க."

பதிவை ஓட்டினாள். மணி. அவர் குரல். பிளாஸ்டிக் சரசரப்பு. ச்சு. தன் பல்லியை வெளியிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அவர் குரல் நின்ற இடைவெளி. அந்த நேரத்தில் அவர் இன்னொரு லைனில், வண்டியில் போய்க்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் பேசியது.

"தம்பி, வண்டியைத் திருப்பு. முதல்ல இங்க போ. உள்ள இருக்கறது என் வீட்டுக்காரிடா. நல்லாத் தெரியும். பேசாம இருக்கா. அவ பேசாம இருக்கற ஆளே இல்லை. ஏதோ ஆயிருக்கு. சீக்கிரம் போ."

நிதானமான குரல் இல்லை இது. நடுங்கியது. இதுவும் அவள் கேட்டிராத குரல்.

"பெரியவர்கிட்ட போய்க்கிட்டிருந்த வண்டி அது," என்றாள் மேற்பார்வையாளர். "பேசறவரைவிடப் பேசாதவரைத்தான் முதல்ல பார்க்கணும். அது எங்க விதி. அந்த வகையில அவர் செஞ்சது சரி. ஆனா விதிக்காகச் செஞ்சாரா, உங்களுக்காகச் செஞ்சாரா? மேலே இதைத்தான் கேக்கறாங்க. உள்ள இருக்கறது யாருன்னு தெரிஞ்சும் எங்ககிட்ட அவர் சொல்லலை."

"அந்தப் பெரியவருக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காரு. கோபமா இருக்காரு."

"இவருக்கு வேலை போயிடுமா?"

"நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு. இல்லைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடினீங்கன்னுதான் எழுதியிருப்பாங்க."

"எல்லாம் என்னாலதான்."

"பாதி," என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் அவர் தலையைத் திருப்பினார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். காதுக்கருவியைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. யாரோ அழைப்பில் இருந்தார்கள் போல. அவளைப் பார்த்தபடியே உதடு அசைந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது.

வேலை போகவில்லை. புரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள்.

அன்று பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தலை சுத்துச்சுன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"கிளி கிளின்னு சிரிச்சவன் நான். இப்ப நானே கூண்டுல உட்கார்ந்திருக்கேன்னு எப்படிச் சொல்றது?"

"நான் என்னவோ நீங்க குடிக்கறீங்கன்னு நினைச்சேன்."

"என்னது?"

"வாட்ச்மேன்னும் நினைச்சேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் என்னல்லாம் நினைச்சே?"

"மீதியைச் சொல்ல மாட்டேன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "கிளி நல்லாத்தான் பேசுது. ஊரார்கிட்ட எல்லாம் தேன் ஒழுகுது. வீட்டுக்கு வந்தா ஊமை."

"வீட்ல எனக்குப் பேச எங்க இடம் விட்டே?"

புரொபேஷன் முடியும் வரைக்கும் அவள் நிம்மதியாக இல்லை. சந்தேகம் இடம் மாறிக்கொண்டது, அவ்வளவுதான். மேற்பார்வையாளர் நல்ல பெண்போல் பேசியது ஏன்? கம்பெனியில் புது ஆள் எடுக்கிறார்களாமே, யாருடைய நாற்காலிக்கு? அவர் வந்ததும் காலரை முகர்வாள், தலைமுடியில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பாள். வளையம் இருந்தால் வேலை இருக்கிறது. கடையில் மட்டும் அண்ணன் கேட்டால், "கிளிக்கு என்ன, நல்லா இருக்கு" என்பாள்.

ஒரு சாயந்திரம் அவர் வாசலிலேயே நின்று சொன்னார். "நிரந்தரம் பண்ணிட்டாங்க."

அவள் ஊறவைத்த துணியிலிருந்து கையை எடுக்கவில்லை. "யார் சொன்னா?"

"அந்தப் பொண்ணே கூப்பிட்டுச் சொல்லுச்சு."

"வாயாலயா சொல்லுச்சு?"

"வாயாலதான்."

அவர் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. "எங்கே பல்லி?" என்றார்.

"இருக்கு," என்றாள். "யோசிக்குது."